எதை விடப்போறே?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தெரியுமா? மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதை வளர்க்கும் அமெரிக்க விளையாட்டு.

1974-ல் வந்த முதல் பதிப்பில், பலமும் புத்தியும் பகடை போட்ட பிச்சை. குள்ளர் இனத்துப் போர்வீரனா? ஆறாவது படியோடு சரி. என்ன சாகசம் செய்தாலும் அதற்கு மேல் ஏற முடியாது. மனிதனுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தூக்கிக் கடாசியது. இனி யாரும் எதுவும் ஆகலாம்.

இஷ்டத்துக்கா? அதுதான் இல்லை! 2014 பதிப்பில் ஒரு வழி உண்டு. கையில் 27 புள்ளிகள். ஆறு திறமைகளுக்குப் பங்கிட வேண்டும். மூன்றை உச்சமான 15-க்கு ஏற்றினால் பர்ஸ் காலி. மற்ற மூன்றும் 8-லேயே கிடக்கும்.

இரண்டும் வரம்புதானே என்பீர்கள். முதல் வரம்பு, 'நீ இன்ன இனம், இங்கேயே நில்' என்கிறது. அது அவமானம். அடுத்தது, 'எதை வேண்டுமானாலும் எடு, விலையைக் கொடு' என்கிறது. அது பட்ஜெட்.

பிள்ளைகளிடம் 'நமக்கெல்லாம் அது சரிப்படாது' என்பது அநியாயம். 'உன்னால எல்லாமே முடியும்' என்பது பொய். 'என்ன வேணும்? அதுக்காக எதை விடப்போறே?' என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்க ஆரம்பிப்பார்கள்.