பார வண்டியும் பிரமாண விசாரமும்

இராஜாக்கமங்கலம் துறையில் விடியுமுன் கரையேறுகிற சாளையும் நெத்தலியும் ஐஸ் தூளோடு பெட்டிகளில் அடைபட்டு நாகர்கோவில் பக்கத்துச் சந்தைகளுக்குப் போவதும், ஈத்தாமொழித் தோப்புகளில் வெட்டி இறக்கிய தேங்காய் களத்துக்குச் சேர்வதும், உரமூட்டை வயற்கரையில் வந்து இறங்குவதும், கல்யாண வீட்டுக்கு வேண்டிய உருளியும் வார்ப்பும் நாற்காலியும் வாசலுக்கு வருவதும் இக்காலத்தில் பெரும்பாலும் ஒரேவகைச் சிறு பார வண்டியின் உபகாரத்தினால்தான் நடைபெறுகின்றன. முன்னே ஓட்டுநரும் அவர் பக்கத்தில் இன்னொருவரும் நெருங்கி அமரத்தக்க ஓர் அறை. பின்னே திறந்த தட்டு. ஒற்றையடிப் பாதையைவிடச் சற்றே அகன்ற தோப்பு வழியிலும் நுழைந்து திரும்பும் உருவம். 2005ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் இரண்டு சிலிண்டரும் 702 சி.சி. அளவும் கொண்ட டீசல் இயந்திரத்தோடு, ஏறத்தாழ முக்கால் டன் பாரம் சுமக்கத்தக்கதாக வெளியிட்ட 'ஏஸ்' என்ற வண்டி தமிழ்நாடெங்கும் 'குட்டி யானை' என்னும் செல்லப்பெயர் பெற்று, மாட்டு வண்டி விட்டுச்சென்ற இடத்தில் நிலைபெற்றுவிட்டது.

இத்தகைய வண்டியொன்றை வாங்கப் புகும் எளியவர், கடன் தவணையையும் பிள்ளைகளின் படிப்பையும் மனத்தில் சுமந்துகொண்டு, தமக்குத் தெரிந்த பட்டறைக்காரரிடம் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, நம்பி எடுக்கலாமா?" என்பதுதான். விலையும் மைலேஜும் அதன் பின்னரே பேச்சில் வருகின்றன. இக்கேள்வியைத் தத்துவ விசாரணைக்கு உரியதென்று பலர் கருதுவதில்லை. எனக்கோ, நம் தரிசனங்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட பிரச்சினையே இதனுள் அடங்கிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. உயிரும் அறிவும் இல்லாத ஒரு பொருளை நம்புவதென்றால் என்ன? வாக்குக் கொடுக்க அதற்கு நாவில்லை. வாக்குத் தவறியபோது வெட்கப்பட மனமில்லை. மாட்டை நம்பிய உழவர், தம் குரலை அடையாளங்கண்டு திரும்பிப் பார்க்கும் ஒரு ஜீவனை நம்பினார். இரும்பை நம்புகிறவருக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

வாங்கிய அன்றே அந்த இரும்பு தெய்வ சந்நிதிக்குப் போகிறது. ஒருவர் நாகராஜா கோயில் வாசலில் மாலை சூட்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்கிறார். துறையில் வாழ்பவர் பாதிரியாரைக் கொண்டு ஜெபம் சொல்வித்துத் தீர்த்தம் தெளித்துக்கொள்கிறார். வேறொருவர் ஐயாவழிப் பதிக்கு முன்னே நிறுத்தி ஐயாவை வேண்டிக்கொள்கிறார். மதத்தால் வேறுபட்டாலும் மூவரும் செய்வது ஒன்றே. பட்டறையில் கேட்ட கேள்வியை மறுபடியும் தெய்வத்திடம் கேட்கிறார்கள். பரீட்சித்து வாங்குவதற்கும் பிரார்த்தித்து ஓட்டுவதற்கும் உள்ள சம்பந்தம் யாது, ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்பதே நான் ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புவது.

அறிவின் பிராமாண்யத்தைப் பற்றி நியாய சாஸ்திரமும் பூர்வ மீமாம்ஸையும் நெடுங்காலம் முரண்பட்டு நின்றன. தோன்றிய அறிவு தன்னளவிலேயே பிரமாணம், அதில் குற்றம் வெளிப்படும் வரையில் அதனை நம்பி நடப்பதே முறை என்பது குமாரில பட்டர் வழிவந்த மீமாம்ஸகர் கொள்கை. நையாயிகரோ, அறிவின் உண்மை அதற்குப் புறத்தே உள்ளதொன்றால்தான் நிச்சயிக்கப்படும் என்றனர். தூரத்தே நீரென்று கண்டவன் அணுகிப் பருகித் தாகம் தீர்ந்த பின்னரே, தான் கண்டது கானல் அன்று என்று தெளிகிறான் என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் சாவியைத் திருகுகிற ஓட்டுநர் மீமாம்ஸகராகத்தான் இருந்தாக வேண்டும். தினந்தோறும் ஒவ்வொரு மறையையும் கழற்றிப் பார்த்த பின்பே புறப்படுவேன் என்பவர் ஒரு பெட்டி மீனையும் சந்தை சேர்க்கமாட்டார். வாங்குகிற நேரத்திலோ அவர் நையாயிகராய் இருத்தல் வேண்டும். சோதியாமல் தெளிவதும் தெளிந்த பின் சந்தேகிப்பதும் ஒருங்கே தீராத துன்பம் தருவன என்று வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தில் வைத்த முடிவு, அரசன் அமைச்சனைத் தேர்வதற்கு மட்டும் உரியதன்று.

ஆனால் எப்படிச் சோதிப்பது? நாஞ்சில் நாட்டில் பரீட்சை என்றவுடன் சுசீந்திரத்தை நினையாதிருக்க முடியாது. குற்றஞ் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கும் நெய்யில் கையை இடச் செய்து, அக்கையின் நிலையைக்கொண்டு அவர் குற்றவாளியா நிரபராதியா என்று தீர்மானிக்கும் கைமுக்கு என்னும் வழக்கம் அத்தலத்தில் இருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் அது நிறுத்தப்பட்டது. அவ்வழக்கத்தின் கொடுமையை எல்லோரும் ஒப்புவர். அதில் அறிவுக்குரிய பிழையொன்றும் இருந்தது. அதனை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு மனிதனுடைய பல ஆண்டு ஒழுக்கத்தைப் பற்றிய வினாவுக்கு ஒரு கணத்துச் சம்பவம் விடை கூறிவிடும் என்ற எண்ணமே அப்பிழை. அது நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. துடைத்து மினுக்கிய புது வண்டியைத் தட்டு வெறுமையாய் இருக்கத் தார்ச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சத்தமில்லை, இழுவை நன்று என்று திருப்தியடைந்து முன்பணம் கட்டுகிறவர், வேறொரு வடிவில் கைமுக்குப் பரீட்சையைத்தான் நடத்துகிறார். நம்பகம் என்பது காலத்தில் விரியும் குணம். ஆனியாடி மழையில், முழுப் பாரத்தோடு, ஐந்தாம் ஆண்டில் இவ்வகை வண்டி எப்படி நிற்கிறது என்று கேட்பவரே உண்மையில் சோதிக்கிறார்.

அக்கேள்விக்கு வாங்குகிறவரின் கண்ணும் காதும் விடை சொல்லமாட்டா. அவர் இன்னும் அந்த ஐந்து ஆண்டுகளை வாழவில்லை. ஆகவே பிரத்தியட்சம் கைவிட்ட இடத்தில் அவர் சப்தப் பிரமாணத்தை, அதாவது ஆப்தரின் வாக்கை, நாட வேண்டியிருக்கிறது. ஆப்தர் யார்? கௌதமரின் நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்தவராயும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்கு உரைக்கும் விருப்பமுடையவராயும் இருப்பவரே ஆப்தர் என்று இலக்கணம் வகுத்து, இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்தார். வர்ணமும் வித்தையும் செல்வாக்கும் அதில் இடம்பெறவில்லை. அவ்வளவில் நோக்கினால், கறுத்த கையோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் பட்டறைக்காரரும், அதே துறையில் ஆறாண்டு மீன் ஏற்றி ஓட்டியவரும் நமக்கு ஆப்தர்கள். விளம்பரம் எழுதுகிறவர் எவ்வளவு அழகாக எழுதினும் அந்த இரண்டு அங்கங்களும் அவர் சொல்லில் உண்டென்று கொள்வதற்கில்லை.

ஆப்த வாக்கு உரிய காலத்தில் செவிக்கு எட்டவும் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கை கரையை அடையுமுன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தை இக்கடற்கரை ஊர்கள் மறக்கவில்லை. வண்டி விஷயத்திலும் இதற்கொரு சிறு சாயல் இப்போது தோன்றிவருகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளில் மின்னணுக் கருவிகள் மிகுந்துவிட்டமையால், முன்பு இயந்திர ஒலியைக் கேட்டே நோயைச் சொன்ன உள்ளூர்ப் பட்டறைக்காரர், ஸ்கேனர் இல்லாமல் காரணம் கூற இயலாத நிலையில் நிற்கிறார். புகை குறைந்தது பெரும் நன்மை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வண்டியைத் தேர்கிறவர், அது பழுதுபட்டு நிற்கும் நாளில் அதன் பாஷை அறிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், உதிரிச் சாமான் நாகர்கோவிலிலேயே கிடைக்குமா என்பதையும் நம்பகத்தின் ஓர் அங்கமாகவே எண்ண வேண்டும்.

இனி, ஆப்தர்கள் சொல்வதைக் கேட்போம். இராஜாக்கமங்கலம் போன்ற ஊரில் வண்டிக்கு முதற்பகை உப்பு. கடற்காற்று எப்போதும் ஈரத்தோடு உப்பைக் கொண்டுவந்து இரும்பின்மேல் படிய வைக்கிறது. மீன் ஏற்றும் வண்டிக்கோ பகை மேலிருந்தும் இறங்குகிறது. ஐஸ் உருகிய நீர் மீனின் உப்பையும் நிணத்தையும் சேர்த்துக்கொண்டு தட்டின் பொருத்துகள் வழியே சொட்டி, சேசிஸின் மேலும் பட்டைகளின் இடுக்கிலும் பிரேக் குழாய்களின் மேலும் தங்குகிறது. உப்பு கலந்த நீர் மின்னோட்டத்துக்கு வழிவிடுவதால் துரு வெறும் மழைநீரில் பிடிப்பதைக் காட்டிலும் மிக விரைந்து பிடிக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர் மேற்பூச்சின் பளபளப்பைப் பார்த்து மகிழாமல், கீழே குனிந்து சுத்தியலால் சேசிஸைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அனுபவஸ்தர் சொல்வது இதனால்தான். திடமான இரும்பு கணீரென்கிறது. அரித்துப்போன இடம் மந்தமாய் ஒலிக்கிறது. புதிதாய்க் கறுப்புச் சாயம் அடித்த அடிப்பாகத்தைக் கண்டால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். தேங்காய் ஏற்றுகிறவரின் கவலை வேறு. மணற்பாங்கான தோப்பு வழியில் சக்கரம் புதையாமல் இழுக்கும் கீழ்க் கியரின் வலிமையும், தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடையிலுள்ள உயரமும் அவருக்கு முக்கியம். மீனுக்கு ஏற்றது தோப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. எல்லோர்க்கும் எல்லாத் தொழிலுக்கும் நம்பத்தக்கதென்று ஒரு வண்டி கிடையாது. சாதகனின் பக்குவத்தை நோக்கி மார்க்கத்தை விதிக்கும் அதிகாரி பேதம் என்ற கொள்கை நம் சமயங்களில் இருப்பது இவ்விடத்தில் எனக்குப் பெரிதும் துணை செய்கிறது.

இவ்வளவையும் கேட்டபின், "எதைப் பார்த்து வாங்கினாலும் விதிப்படிதானே நடக்கும்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். தவிர்த்திருக்கக்கூடிய விபத்துக்குப் பிறகு இச்சொல் துக்க வீட்டிலேயே எழுகிறது. துக்கத்தில் இருப்பவர் சொன்னால் அது மருந்து. அவரை நாம் மறுத்துப் பேசலாகாது. வண்டிக்கு உடையவர் அதைச் சொன்னால் அது சித்தாந்தத்துக்கே விரோதமாகும் என்று துணிந்து கூறுவேன். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. முன்பு ஈட்டியதில் இப்பிறவிக்கு நுகர்ச்சியாய் வந்தது பிராரப்தம். இப்போது நாம் செய்து புதிதாய் ஏற்றிக்கொள்வது ஆகாமியம். தேய்ந்த பிரேக்கை அறிந்தும் மாற்றாமலிருப்பதும், முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவதும், விலை மலிவென்று அரித்த சேசிஸை வாங்குவதும் ஆகாமியம். அதனைப் பிராரப்தத்தின் கணக்கில் எழுதுவது இறைவன்மேல் பொய்ப் பற்று எழுதுவதாகும். வண்டியோ வெறும் துணைக்காரணம். குயவனின் சக்கரத்தைப் போல அது தானாக நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. பானை கோணினால் சக்கரத்தை யாரும் நிந்திப்பதில்லை.

அப்படியானால் பிரார்த்தனை வீணா? அன்று. ஐயாவழிப் பதிகளில் விக்கிரகம் இல்லை. பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. வேண்டி நிற்பவர் தம் முகத்தையே அங்கே காண்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி வேண்டுகிறவருக்கு இதைவிடத் தக்க உபதேசம் வேறு தெரியவில்லை. நம்மால் இயன்ற பரீட்சையெல்லாம் முடிந்த பிறகும் நம் அறிவுக்கு எட்டாதது ஒரு பங்கு எஞ்சுகிறது. எதிரே வருகிறவனின் தூக்கக் கலக்கமும், வார்ப்படத்துக்குள் ஒளிந்திருக்கும் மயிரிழை வெடிப்பும் எந்தப் பட்டறைக்காரரின் கண்ணுக்கும் தெரியமாட்டா. அந்தப் பங்குக்கே பிரார்த்தனை உரியது. அறியக்கூடியதை அறியாமல் விட்டுவிட்டு அதற்கும் தெய்வத்தையே பொறுப்பாக்குவது பக்தியாகாது.

அறியக்கூடியவற்றுள் ஒன்றை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை. அமெரிக்கப் பண்ணைகளில் இருவர் பக்கம் பக்கமாய் அமர்ந்து செல்லும் சிறு வேலை வண்டிகள் உண்டு. அவற்றுள் யமஹா நிறுவனத்தின் 'ரைனோ' என்ற வண்டியின் இரு மாதிரிகளைப் பற்றி 2009 மார்ச்சில் அந்நாட்டு நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணையம் அறிவிப்பு வெளியிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட விபத்துகளை ஆணையம் விசாரித்திருந்தது; அவற்றில் 46 மரணங்கள். கவிழ்ந்தவற்றில் பல, சமநிலத்தில் மெதுவாகத் திரும்பும்போதே கவிழ்ந்தன எனத் தெரிந்தது. பின்சக்கரங்களை அகலப்படுத்தும் துண்டுகளைப் பொருத்தி, ஆட்டம் தடுக்கும் பின்கம்பியைக் கழற்றித் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. தினமும் தவறாமல் புறப்படும் வண்டிதான் நம்பத்தக்கது என்று எண்ணியிருப்பவர் இச்செய்தியை நினைக்க வேண்டும். நன்றாக ஓடுவது வேறு. ஓட்டுகிறவர் சற்றே பிழைசெய்த கணத்தில் அவரைக் கொல்லாதிருப்பது வேறு. இரண்டாவதையே நான் பெரிதென்பேன்.

அதற்குக் காரணம் அந்தப் பக்கத்து இருக்கை. நம் ஊரில் வண்டிக்குப் பணம் போடுகிறவர் பல சமயங்களில் அதில் ஏறிப் போவதில்லை. ஓட்டுகிறவர் கூலிக்கு வந்தவர். அவர் அருகே அமர்கிறவர் சுமையேற்றுகிறவரோ, கூடையோடு சந்தைக்குப் போகும் ஒரு தாயோ, பள்ளிக்கு நேரமாகிவிட்ட ஒரு பையனோ ஆவார். அவர்கள் எவரும் அவ்வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தவரை நம்பி ஏறினார்கள். பிறருடைய உயிருக்காகத் தான் தேர்கிறவன் தனக்காகத் தேர்கிறவனைவிடக் கடினமாகச் சோதிக்கக் கடமைப்பட்டவன். ஆகையால் வாங்கும்போதே ஓட்டப் போகிறவரை உடன் அழைத்துச் சென்று அவர் சொல்லுக்கு முதலிடம் தருவதும், ஓடுகிற காலத்தில் இன்று இவ்வளவு பாரம் வேண்டாம், இந்த பிரேக்கோடு போகமாட்டேன் என்று அவர் மறுத்தால் கூலியைக் குறைக்காமல் அம்மறுப்பை ஏற்பதும் உடையவருக்குத் தர்மம். ஆயுத பூஜையன்று ஓட்டுநருக்கு வேட்டியும் பணமும் கொடுக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு முந்திய நாள் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, பட்டையையும் பிரேக் குழாயையும் சக்கரப் பேரிங்கையும் அவர் முன்னிலையில் பார்ப்பதையும் பூஜையின் பூர்வாங்கமாக்கிக்கொள்ளலாம். அதில் தேறாத வண்டிக்குச் சந்தனத்தையும் மாலையையும் பட்டறையில் வைத்தே சாத்தட்டும். மறுநாள் துறைக்கு அதை அனுப்ப வேண்டாம்.