வாசியில்லாக் காசு

தொண்டு செய்வோரை ஆண்டவன் கைவிடான் என்று நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அவ்வாறு சொல்லும்போது நம் நெஞ்சில் இருப்பது நம்பிக்கையா, கொடுக்கல் வாங்கலா என்று ஆராய்வதில்லை. ஊரும் உறவும் விட்டுத் தில்லிக்கு வந்து, மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்மனோர்க்கு இவ்வாராய்ச்சி சற்றே கசப்பானது, எனினும் தேவையானது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருவீழிமிழலை நிகழ்ச்சி ஒன்று உண்டு. மழை பொய்த்தது, காவிரி நாட்டைப் பஞ்சம் வாட்டியது. அப்பரும் ஞானசம்பந்தரும் அப்பொழுது அவ்வூரில் தனித்தனி மடங்களில் தங்கியிருந்தனர். பசித்து வரும் அடியாரை உண்பிப்பது எவ்வாறு? அடியார் பொருட்டு இறைவன் நாள்தோறும் கோயிற் பீடங்களில் இருவர்க்கும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். ஆனால் சம்பந்தர் பெற்ற காசை மாற்றப் போனால் வணிகர் வட்டம் கேட்டனர். அதற்கு வாசி என்று பெயர். பேரம் முடிந்து பண்டம் வந்து உலை கொதிப்பதற்குள் பொழுது ஏறிவிடும். அப்பர் காசுக்கோ வாசி இல்லை. அவர் மடத்தில் காலத்தே அமுது. காரணம் வினவிய சம்பந்தர், அப்பர் உழவாரம் ஏந்திக் கையால் தொண்டு செய்பவர் என்பதால் இவ்வேறுபாடு எனத் தெளிந்தார். பின்னர்ப் பதிகம் பாடித் தாமும் வாசியில்லாக் காசு பெற்றார்.

இதனைப் படித்தவுடன் எம்போன்ற எழுத்தருக்குத் தோன்றுவது ஒன்றே: உழைப்புக்கேற்ற ஊதியம்! யாமும் அப்படித்தான் எண்ணினோம். துறைத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்த இரண்டாண்டுகள், ஞாயிறுதோறும் கோயில் மடைப்பள்ளியில் காய் நறுக்கினோம். பூசணிக்காய் எத்தனை, பந்தி எத்தனை என்று மனப் பேரேட்டில் வரவு வைத்தோம். பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. எம் பெயர் இல்லை. அடுத்த ஞாயிறு யாம் கோயிலுக்குச் செல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் செல்லவில்லை. எம்மை ஒருவரும் தேடவில்லை என்பது கூடுதல் வருத்தம்! காயை வேறு யாரோ நறுக்கினார்கள், பந்தி நடந்தது.

அந்த மனத்தாங்கலில்தான் வீழிமிழலைப் பகுதியை மீண்டும் புரட்டினோம். முன்பு கண்ணில் படாதது அப்போது பட்டது. பஞ்சம் அவ்விருவர் உள்ளத்தையும் வாட்டவில்லை. காசு வந்தது அவர்களை அண்டியிருந்தோர் பசிக்காக. அப்பர் கைக்கு வந்தது கூலியன்று. அவர் கை வழியாகப் பிறர்க்குச் சென்ற சோறு.

ஐயமிருப்பின் திருப்புகலூருக்குச் செல்வோம். அங்கே அவர் புல் செதுக்கும் இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. உழவாரத்தால் அவற்றைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் அப்பர். மிழலையில் காசை ஏற்ற கை, புகலூரில் பொன்னை எறிந்தது. மிழலையில் பசித்தோர் இருந்தனர். புகலூரில் அப்பொன்னுக்கு ஒரு வேலையும் இல்லை.

இனிக் காவல் என்பதைப் பற்றி. இங்கே நமக்கு எளிதான விடை இல்லை. திங்களூரில் அப்பூதியடிகள் அப்பர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். அப்பரே விருந்தாக வந்த நாளில், அவருக்கு இலை அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. தொண்டின் நடுவிலேயே தீண்டியது! ஓடிவந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டே அவன் விழுந்தான். விருந்து தடைப்படலாகாதென்று பெற்றோர் உடலை மறைத்தனர். அப்பர் அறிந்து பாட, மகன் எழுந்தான் என்பது பின்னர் நடந்தது. ஆனால் உடலை மறைத்தபோது, அவன் எழுவான் என்று அப்பெற்றோர்க்கு யார் உறுதி கொடுத்தது? தொண்டு பாம்பைத் தடுக்கும் வேலி என்று அவர்கள் கருதியிருந்தால் அன்றே இலையைக் கிழித்தெறிந்திருப்பார்கள்.

இக்கதையைச் சொன்ன இரவு, "பாம்பு ஏன் வந்தது அப்பா?" என்று எம் மகள் கேட்டாள். தெரியவில்லை என்றோம். ஞாயிறு விடியலில் அரிவாள்மணையைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு உடன் வந்தாள்.