குப்பை எடுக்கும் கிழமை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. அமெரிக்கா ஆறு மாதம் தருகிறது. விசா என்னவோ பத்து வருடத்துக்கு. ஆனால் ஒவ்வொரு தடவை போய் இறங்கும்போதும் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, எவ்வளவு நாள் தங்கலாம் என்று முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் பத்து வருட விசாவும் செல்லாது. மகள் வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட காலம் போய், இப்போது ஒரு வல்லரசே அதைத் தீர்மானித்துச் சொல்கிறது. ஒரு வகையில் நிம்மதிதான். யாரும் யாரையும் 'எப்போது கிளம்புகிறீர்கள்' என்று கேட்க வேண்டியதில்லை.

எங்களுக்கு மயிலாடுதுறை. கணவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நியூ ஜெர்சியில். எங்கள் பயணமெல்லாம் ஏப்ரலில் போய் அக்டோபரில் திரும்புவதாகத்தான் இருக்கும். பனிக்குப் பயந்து என்று சொல்லிக்கொள்வோம். உண்மையான காரணம், நவம்பரில் அவர் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுத்தால்தான் ஓய்வூதியம் வரும். இப்போது மொபைலில் முகம் காட்டியே அதை முடித்துவிடலாம். ஆனாலும் அவருக்கு அலுவலகத்தில் போய் ஆளாக நின்று கையெழுத்துப் போட்டால்தான் உயிரோடிருப்பதாகத் தோன்றும். எனக்கும் ஐப்பசியில் துலாக் கட்டத்தில் முழுக்குப் போடும் நேரத்துக்கு ஊரில் இருக்க வேண்டும்.

மகளும் மாப்பிள்ளையும் ஏன் அடிக்கடி வருவதில்லை என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. மனசில்லாமல் இல்லை. வேலை விசாவில் இருப்பவர்கள் ஊருக்கு வந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை காலாவதியாகியிருக்கும் பட்சத்தில், இங்கே தூதரகத்தில் புதிதாகக் குத்தி வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். அதில் தாமதமானால் அங்கே வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தொங்கலில். கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேலை வழியாக வருடத்துக்குத் தரும் சுமார் 1,40,000 கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது அவர்கள் 1990-இல் போட்ட சட்டம். சின்ன நாட்டுக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. அதனால் நம் பிள்ளைகள் வரிசையில் நின்றபடியே நரைத்துப் போகிறார்கள். அவர்கள் வர முடியாததால் நாங்கள் போகிறோம்.

முதலில் போவது பிரசவத்துக்கு. இங்கே 2017-இல் செய்த சட்டத் திருத்தத்திலிருந்து சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அங்கே நாடு முழுவதற்குமான சட்டம் 12 வாரம்தான், அதுவும் சம்பளமில்லாமல். நியூ ஜெர்சி மாதிரிச் சில மாநிலங்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் பணம் தருகின்றன. எப்படியானாலும் கழுத்து நிற்காத குழந்தையை விட்டுவிட்டுப் பெண் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அந்தப் பள்ளத்தை அடைப்பது மயிலாடுதுறையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் போகிற கிழவிகள். எனக்கு ஆறு மாதம், என் சம்பந்தியம்மாவுக்கு ஆறு மாதம். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் வந்து இறங்கினார். இருவரும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு ராத்திரிதான். அடுப்படியில் நின்று எந்த டப்பாவில் ஓமம், குழந்தைக்கு எந்தப் பக்கம் சாய்த்தால் ஏப்பம் வரும், எந்த ஸ்விட்சைத் தொட்டால் புகை அலாரம் அலறும் என்று ஒன்று விடாமல் ஒப்படைத்தேன். ஷிப்ட் மாறுகிற நர்சுகள் தோற்றார்கள்.

இதிலும் ஒரு கூத்து உண்டு. கிளம்பும் முன் எல்லாரும் நம்மைத் தயார்ப்படுத்துவார்கள்: 'எதுக்கு வந்தீங்கன்னு ஆபீசர் கேட்டா, ஊர் சுத்திப் பாக்கன்னு சொல்லுங்க. குழந்தையைப் பாத்துக்கன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க.' அது வேலைக்கு வந்ததாக ஆகிவிடுமாம். பேத்தியைக் குளிப்பாட்டப் போகிறவள் நயாகராவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே நுழைவாள்.

ஆனாலும் அந்த முதல் ஆறு மாதம் நான் யாரென்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. சந்தேகம் வந்தது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு. பாத்திரம் கழுவ மெஷின், துணிக்கு இரண்டு மெஷின், மளிகை வாசலுக்கு வந்துவிடுகிறது. நான் எழுந்து நின்றாலே மகள், 'நீ உக்காரும்மா, ரெஸ்ட் எடு' என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் நாள் முழுக்க ரெஸ்ட் எடுப்பவருக்கு மருத்துவமனையில்கூடப் பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு; இங்கே மாலை ஐந்து வரை மனுஷ வாடையே கிடையாது. அதைவிட எனக்கு உறுத்தியது எல்லாரும் காட்டிய மரியாதை. மயிலாடுதுறையில் காபி தண்ணியாக இருந்தால் தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறவள், அங்கே எதைக் கொடுத்தாலும் 'நல்லா இருக்கும்மா' என்றாள். மாப்பிள்ளை டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார். நானும் எதையும் குறை சொல்லவில்லை. சண்டை வந்தால் சமாதானமாக நாளாகுமே, அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லாருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும்.

குப்பை என் கைக்கு வந்தது தற்செயலாக. அந்த ஊரில் குப்பை வண்டி வாரம் ஒரு நாள் வரும். முந்தின ராத்திரியே சக்கரம் வைத்த தொட்டியை உருட்டிப்போய்த் தெருவோரம் நிறுத்திவிட வேண்டும். காகிதம், புட்டி, டப்பா இதெல்லாம் வேறு தொட்டி, அதற்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வேறு வண்டி. மாப்பிள்ளை வெளியூர் போயிருந்த ஒரு வாரம் தொட்டி உள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் வரை கராஜில் வெங்காயத் தோல் வாசனை. அன்றிலிருந்து அது என் வேலை என்று சொல்லிவிட்டேன். ஃபிரிஜ்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த டவுன்ஷிப் காலண்டரைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்குவது, தயிர் டப்பாவைக் கழுவிப் போடுவது, பண்டிகை வந்தால் வண்டி மறுநாள் வருமா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. புடவைக்குக் கீழே ஸ்னீக்கர் மாட்டிக்கொண்டு தடதடவென்று உருட்டிப் போகும்போது எதிர் வீட்டுக் குஜராத்திப் பெரியவரும் தன் தொட்டியோடு வந்து நிற்பார். அவருக்கும் அந்த வீட்டில் அதுதான் இலாகா. எங்களுக்குள் பேச ஒரு பொது மொழி கிடையாது. கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன்.

அப்புறம்தான் பீட்சா பெட்டி விவகாரம். மாப்பிள்ளை அதைக் காகிதத் தொட்டியில் போட்டார். எண்ணெய் ஊறிய அட்டையை அதில் போடக் கூடாது என்று எடுத்தேன். 'அத்தை, அது கார்ட்போர்டு, அதுலதான் போடணும்' என்றார். காலண்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். 'எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பேச்சில் ஒரு சூடு இருந்தது. என் மகளுக்கு ஒரே கவலை. எனக்கோ, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் முதல் தடவையாகக் கோபித்துக்கொண்டாரே என்று நிறைவாக இருந்தது. யாரும் விருந்தாளியிடம் முகத்தைத் தூக்குவதில்லை.

வேலை செய்தால்தான் மரியாதை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கோயிலிலும் பார்க்கிலும் பார்க்கிற பெண்கள் பாதிப்பேர் வேலை செய்தே தேய்ந்து போனவர்கள். காலையில் இரண்டு பிள்ளைகளைப் பஸ் ஏற்றி, சாம்பாரை வாரக்கணக்கில் வைத்து ஃப்ரீசரில் அடுக்கி, சாயங்காலம் பாட்டு கிளாஸ் வாசலில் காருக்குள்ளேயே காத்திருக்கிறவர்கள். வேலைக்காக வரவழைக்கப்படுவது வேறு, வந்த இடத்தில் நமக்கென்று ஒரு வேலை இருப்பது வேறு. முதலாவதில் வேலை முடிந்ததும் நமக்கு இடம் இல்லை. இரண்டாவதில் நாம் இல்லாதபோது அந்த வேலை நம்மைத் தேடும். நான் ஊர் திரும்பிய வாரம், 'இந்த வாரம் எந்தத் தொட்டிம்மா?' என்று மகள் போன் செய்தாள். காலண்டர் அவள் ஃபிரிஜ்ஜில்தான் இருக்கிறது.

அவர்கள் இங்கே வரும்போது நிலைமை இன்னும் மோசம். நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடம் ஜூன் கடைசி வாக்கில்தான் மூடுவார்கள். லீவு சொல்லி டிக்கெட் போட்டு வந்து சேரும்போது ஆடி பிறந்திருக்கும். அடுத்த லீவு கிறிஸ்துமஸுக்கு, அதாவது மார்கழியில். இரண்டிலும் கல்யாணம் கிடையாது. என் பேத்தி ஊரில் ஆடிப்பெருக்கைப் பார்த்திருக்கிறாள், அம்மன் கோயில் கூழ் குடித்திருக்கிறாள்; மார்கழிக் கோலமும் தெரியும். பந்தியில் உட்கார்ந்து ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. பொங்கலுக்கு முன்னால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நம் பஞ்சாங்கமும் அவர்கள் காலண்டரும் பேசி வைத்துக்கொண்டு செய்தது போல இருக்கிறது.

மிச்சம் இருக்கிற நாட்களில் ஊரே அவர்களை விருந்தாளியாக்குகிறது. பெரியப்பா வீட்டில் இளநீர், சித்தி வீட்டில் புதிதாக மாட்டிய ஏசி, போகிற இடமெல்லாம் பாட்டில் தண்ணீர். பிள்ளைகள் சோபாவில் உட்கார்ந்து மொபைலைப் பார்க்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள்? விருந்தாளிக்கு உட்காருவதுதான் வேலை.

போன தடவை பேத்தியிடம் மோட்டார் ஸ்விட்சை ஒப்படைத்தேன். காலையில் மோட்டாரைப் போட வேண்டும், மாடித் தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும். அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். அது எங்கிருந்து வருகிறது என்பதையே அவள் யோசித்ததில்லை. முதல் நாள் மாடிக்கும் கீழுக்குமாக ஓடினாள். மூன்றாம் நாள் எங்கேயோ பராக்குப் பார்த்துவிட, தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்தது. அந்த வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து, 'ஏ அமெரிக்கா! மோட்டாரை நிறுத்துடி!' என்று கத்தினாள். குழந்தை அழுதுவிட்டது. ஆனால் மறுநாள் அலாரம் வைத்து எழுந்தாள்.

கும்பகோணத்துச் சம்பந்தியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. 'வர்றதே மூணு வாரம், அதுல அந்தக் குழந்தையை வேலை வாங்கணுமா?' என்று கேட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொஞ்ச நாள்தானே, பிள்ளைகள் இனிப்பான நினைவோடு போகட்டும் என்கிறார். அவர் வீட்டில் தினம் ஒரு பலகாரம் நடக்கும். பிள்ளைகளுக்கு அங்கே போவதுதான் கொண்டாட்டம். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. இருந்தாலும் மோட்டாரை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

'பேசாமல் கிரீன் கார்டு வாங்கிக்கொண்டு அங்கேயே போய்விடுங்களேன்' என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளை குடியுரிமை பெற்றால் பெற்றோருக்கு விண்ணப்பிக்கலாம்; என் மகள் அந்தக் கட்டத்துக்கு வர எவ்வளவோ காலம் இருக்கிறது. கார்டு வாங்கிய தோழிகளைப் பார்க்கிறேன். முன் அனுமதி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டால் கார்டுக்கு ஆபத்து. அதனால் வருடா வருடம் குளிரோ வெயிலோ, மூட்டு வலியோடு விமானம் ஏறுகிறார்கள். பேரனைப் பார்க்கப் போகிறேன் என்று முன்பு சொன்னவர்கள் இப்போது கார்டைக் காப்பாற்றப் போகிறேன் என்கிறார்கள். வயதானவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டை அங்கே காசு கட்டி வாங்குவதென்றாலும் ஐந்து வருடம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற வருகையாளர்கள் எடுக்கும் காப்பீடோ பழைய சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காது. என் கணவருடைய ஆறு மாத மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு மூட்டை கட்டித்தான் எடுத்துப் போகிறோம். போக, வர என்று இருப்பதே எனக்குச் சரியாக இருக்கிறது.

நாங்கள் இல்லாத ஆறு மாதமும் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்வது மதில் மேல் எட்டிப் பார்த்துக் கத்தினாளே, அவள்தான். சாவி அவளிடம். வெள்ளிக்கிழமை வாசல் தெளித்து விளக்கேற்றுவாள், இரண்டு மாதத்துக்கொரு தரம் கரண்டு பில் கட்டுவாள், விழுகிற தேங்காயைப் பொறுக்கிப் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை எண்ணி வைப்பாள். என் தர்க்கப்படி பார்த்தால் இந்த வீட்டின் ஆள் அவள்தான், என் மகள் இல்லை. வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது நான் முதலில் கேட்டதும் அவளைத்தான். 'வேணாங்க்கா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இதைக் கேள்விப்பட்ட மகளுக்கு வருத்தம். நான் பொண்ணா, அவ பொண்ணா என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நகராட்சிச் சொத்து வரியை இனிமேல் நீ ஆன்லைனில் கட்டு என்று வரி எண்ணை அனுப்பி வைத்தேன். இந்த அரையாண்டு அவள்தான் கட்டினாள். ராத்திரி ரசீதை அனுப்பிய கையோடு போன் செய்து, தண்ணீர் வரி தனியாக வேறு நிலுவையில் நிற்கிறதே, அப்பா என்ன பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று சத்தம் போட்டாள்.