விழுந்தவனின் கடன்



பிறருக்கு உதவுவது நல்லதா என்று கேட்டால் விடை சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். சிறு வயது முதல் கேட்டுப் பழகிய பாடம் அது. ஆனால், பிறரிடமிருந்து உதவி பெறுவது எப்படி என்று எவராவது நமக்குக் கற்றுத் தந்ததுண்டா? இந்தக் கேள்வி என் மனதில் எழுந்தது கோயிலிலும் அல்ல, வகுப்பறையிலும் அல்ல. புசல்லாவை வீதியோரக் கானுக்குள் விழுந்து கிடந்தபோதுதான்.

2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது மோட்டார் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, நானும் ஒரு பழைய துவிச்சக்கர வண்டியை வாங்கினேன். வரிசைகள் மறைந்த பின்னும் அதை விடவில்லை. "எவருடைய தயவும் இன்றி என் காலாலேயே பாடசாலைக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். உயரம் 3,000 அடிக்குச் சற்று மேல். மார்கழியிலும் தையிலும் காலை வேளையில் பனிப்புகார் இறங்கினால் அடுத்த வளைவு தெரியாது. வீதி நனைந்தே கிடக்கும். 2023 மார்கழியில் அப்படியொரு காலை, இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். புகாருக்குள்ளிருந்து திடீரென ஒரு பஸ் வந்தது. பதற்றத்தில் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தேன். ஈரத்தில் முன்சில்லு வழுக்கியது. அடுத்த கணம் கானுக்குள் கிடந்தேன்.

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் ஓடி வந்தார். கூடையை வீசிவிட்டு இறங்கி, என்னைத் தாங்கி உட்கார வைத்தார். தம் தலைத்துண்டை அவிழ்த்து என் வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். வழியில் வந்தவரிடம் சொல்லி 1990 இலக்கத்துக்கு அழைக்கச் செய்தார். அம்புலன்ஸ் வரும்வரை, நான் கண்ணை மூடிவிடாதபடி பேசிக்கொண்டே இருந்தார். என் வண்டியையும் அவரே லயத்துக்கு உருட்டிச் சென்றார் என்பது பிறகுதான் தெரிந்தது.

காறை எலும்பு முறிந்திருந்தது. கையைத் தொங்கலில் இட்டு ஆறு வாரம் அசையாதிருக்கச் சொன்னார்கள். நோவைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. சட்டைப் பொத்தான் போடவும், சோற்றைப் பிசையவும், முதுகு தேய்க்கவும் இன்னொருவர் வேண்டியிருந்தது. மனைவி பொத்தானைப் போட்டுவிடும்போதெல்லாம் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உதவி பெறுகிறவன் கோபப்படுவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கொடுப்பவர் உயர்ந்தவர், வாங்குபவர் தாழ்ந்தவர் என்ற கணக்கு நம் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கணக்கில் தாழ்ந்து போனதாக எண்ணும்போதுதான் கோபம் வருகிறது.

அதே கணக்குத்தான் என்னை இன்னொரு தவறையும் செய்ய வைத்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் ஓர் உறையில் 2,000 ரூபாவைக் கொடுத்து, அந்தப் பெண்ணிடம் சேர்த்துவிட்டு வண்டியை வாங்கி வரச் சொன்னேன். வண்டி வந்தது. உறையும் திறக்கப்படாமலே திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. அன்று பிந்திப் போனதால் அவருக்குக் கொழுந்து நிறை குறைந்து, அரைப் பேர்தான் போட்டார்களாம். அந்நாளில் நாட்சம்பளம் 1,000 ரூபா. எனக்காக அவர் அதில் பாதியை இழந்திருந்தார்.

இப்போது சொல்லுங்கள், வாசகரே. நான் பணம் அனுப்பியது சரியா, தவறா? அவர் நட்டப்பட்டிருக்கிறார். அதை ஈடு செய்வது நீதிதானே? ஆனால், நட்டம் எதுவும் தெரியாமலே அல்லவா நான் பணம் அனுப்பினேன்! அதன் நோக்கம் ஈடு செய்வதல்ல, கணக்கை முடிப்பது. "உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை" என்பதைத்தான் அந்த உறை சொன்னது. அதை அவர் திறக்காமலே படித்துவிட்டார்.

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்கும்போதெல்லாம், அந்தச் சமாரியனைப்போல் நாம் இருக்கிறோமா என்றே கேட்டுக்கொள்கிறோம். அடிபட்டவனைப் பற்றி யார் நினைக்கிறோம்? தன் இனத்தார் வெறுத்த ஒருவனின் வாகன மிருகத்தின்மேல் கிடத்தப்பட்டபோது அவன் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கதையிலும் பணம் வருகிறது. ஆனால் அது சத்திரக்காரனின் செலவுக்காகக் கொடுக்கப்பட்ட பணம். தூக்கி வந்த இரக்கத்துக்கு எவரும் விலை பேசவில்லை. செலவு வேறு, இரக்கம் வேறு. முன்னதைக் கொடுத்துத் தீர்க்கலாம். பின்னதைத் தீர்க்க முடியாது. தீர்க்க முயல்வதே தவறு.

அப்படியானால் பிறர் கையை எதிர்பார்த்தே வாழலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. திருவள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் வைத்து, அடுத்ததாகவே 'இரவச்சம்' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். கேட்பதற்கும் இடமுண்டு, கேட்க அஞ்சுவதற்கும் இடமுண்டு என்பதை அந்த வரிசையே காட்டுகிறது. உழைக்கக்கூடியவன் கையேந்துவது இழுக்கு. விழுந்து கிடப்பவன் நீட்டிய கையைத் தட்டிவிடுவதும் இழுக்கே.

முறிந்த எலும்பைப் பாருங்கள். முதலில் முறிவைச் சுற்றி இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் மிருதுவான ஓர் இணைப்பு உண்டாகிறது. பிறகுதான் அது இறுகி எலும்பாகிறது. அதுவரை வெளியிலிருந்து ஒன்று அதைத் தாங்க வேண்டும். தாங்கல் வேண்டாம் என்று அவசரப்பட்டால் பிசகிப் பொருந்தும். அதற்காக என்றைக்கும் தொங்கலிலேயே கிடந்தாலும் தோள் விறைத்து, தசை மெலிந்துபோகும். குறித்த காலம் வந்ததும் சிறிது சிறிதாகச் சுமை ஏற்ற வேண்டும். தாங்கப்படவும் வேண்டும், தாங்கவும் வேண்டும். எலும்புக்கு உரிய இந்த முறை மனிதனுக்கும் உரியதே.

தொங்கல் கழற்றுமுன்பே ஒரு ஞாயிறு மனைவியுடன் அந்த லயத்துக்குப் போனேன்.

"அக்கா, அன்று உங்களுக்கு அரைப் பேர் போனதாமே. அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றது என் பேரில் கடனாகவே இருக்கட்டும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "யாரு விழுந்தாலும் தூக்கத்தானே வேணும், சேர். நாளைக்கு நான் விழுந்தா நீங்க பாத்துக்கிட்டா போவீங்க?" என்றார். 500 ரூபாவை மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு சாயத்தண்ணி ஊற்றித் தந்தார். இடக்கையால் வாங்கிக் குடித்தேன். வீடு திரும்பியதும் மனைவி என் பொத்தான்களைக் கழற்றியபோது, அன்றுதான் முதல் முறையாக நன்றி சொன்னேன்.

"நாளைக்கு நான் விழுந்தா?" என்ற அந்தக் கேள்வி இன்றும் என்னோடு வருகிறது. பங்குனியில் மீண்டும் வண்டி ஏறினேன். அந்த வளைவு வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டே போகிறேன். வெட்கமில்லை. வீதியோரக் கானையும் ஒரு முறை எட்டிப் பார்க்கிறேன்.

நீங்களும் யாருக்காவது இப்படி ஓர் உறை அனுப்பியிருக்கிறீர்களா? அப்படியானால் இன்னும் காலம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள். கடன்காரனாகத் திரும்புவீர்கள். அது நல்ல கடன்.