குடித்த தந்தையும் மக்கள் கடனும்

குடியால் சிதைந்த குடும்பத்தில் மக்கள் தந்தைக்கு ஆற்றவேண்டிய கடன் யாது என்னும் வினாவைத் திருக்குறள் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளுண்ணாமை அதிகாரம் (93), குடித்து மகிழ்தல் ஈன்றவள் முன்னும் துன்பம் தருவது என்கிறது (923). அங்குக் குடிப்பவன் மகன், காண்பவள் தாய். குடிப்பவர் தந்தையும் காண்பவர் பிள்ளையும் ஆகும்போது வினா கடினமாகிறது. கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் தடைசெய்யப்பட்டது. பிற மதுவகைகளின் விற்பனை தொடர்வதால் மைசூரு இல்லங்களிலும் இவ்வினா நீங்கவில்லை.

மக்கட்பேறு அதிகாரம் (7) தந்தை ஆற்றும் நன்றியையும் (67) மகன் ஆற்றும் உதவியையும் (70) தனித்தனியே கூறுகிறது. முன்னது தவறின் பின்னது நீங்கும் என வள்ளுவர் கூறவில்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் (2007) தந்தை எவ்வாறு வளர்த்தார் என்பதை நிபந்தனையாக்கவில்லை. ஆயின் அக்கடமையை வயது வராத பிள்ளைமேல் அது சுமத்தவில்லை. இவ்வேறுபாடு நோக்கத்தக்கது.

கடன் கொடுத்தவரிடம் பொய் கூறுதல், வேலைக்கு வராத தந்தைக்குக் காய்ச்சல் எனல், பள்ளியை விட்டுத் தம்பி தங்கையரைக் காத்தல் ஆகியன மகன் ஆற்றும் உதவி ஆகா. தந்தை கைவிட்ட கடனைப் பிள்ளை சுமத்தலே ஆகும். எழுபதாம் குறள் சுட்டும் உதவி, மகன் தன் தகுதியால் தந்தைக்குப் பெற்றுத்தரும் பெருமை. தந்தையின் குறையை மறைத்தல் அன்று.

மது அடிமைநிலையை உலக நலவாழ்வு நிறுவனம் நோயாக வகைப்படுத்துகிறது. நோயை மறைப்பது பேணுதல் ஆகாது. எனவே, வளர்ந்த மகன் தந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடன். சிறு பிள்ளை வீட்டு நிலையை ஆசிரியரிடம் கூறுதல் கடன் தவறுதல் அன்று எனத் துணியலாம்.