விளக்கும் கண்ணும்

இராயபுரத்து மீனவப் பெண்மணி யொருத்தி, ஏழாண்டுகட்கு முன், தன் வயிற்றிலுள்ள மகவின் இருதயத்திற் பழுதுண்டென்று மருத்துவர் ஸ்கேனிற் கண்டுரைத்த செய்தியோடு எம்பால் வந்து, "சாமி, இது யார் செய்த பாவம்?" என வினவினாள். "பிராரத்தம் நுகர்ந்தன்றித் தீராது" என்று கூறி விடுத்தேம்.

அம்மகவு பிறந்து, சத்திரசிகிச்சை பெற்று, இன்று ஆறாட்டைப் பிராயத்ததாயிற்று. இருதயம் செவ்வனே இயங்குகின்றது. பேச்சோ பிந்திற்று, எழுதுங் கை தடுமாறுகின்றது, பாடத்திற் கருத்து நில்லாது. "மந்தபுத்தி, அதன் விதி" என அயலார் கூற, தாயும் பேச்சுப்பயிற்சிக்கு அழைத்தேகுதலை நிறுத்திவிட்டாள். காரணம் வினவியபொழுது, "நீங்களும் அன்று அதைத்தானே சொன்னீர்கள்?" என்றாள். எம் விடை நூன்முறைக்கு மாறன்றாயினும் குறையுடைத்தென்பது அப்பொழுதே புலனாயிற்று.

ஆயிரம் மகவுகளில் ஏறத்தாழ எட்டு இருதயப் பழுதோடு பிறக்கின்றன என்பர் மருத்துவர். கடிய பழுதாயின், மூளைக்குச் செல்லும் பிராணவாயு குறைதலின், அதன் வளர்ச்சி கருவிலேயே பிந்துதலுமுண்டு. ஆகலின் இருதயத்தைச் செப்பனிட்ட அளவிற் காரியம் முடிவதன்று. பலர் ஏனையோரை யொப்ப வளர்வர். சிலர்க்கோ பேச்சு, கவனம், கைத்திறன் என்பவற்றின் குறை பள்ளிப் பருவத்தே வெளிப்படும். இத்தகைய பிள்ளைகளைக் காலந்தோறும் ஆராய்ந்து பயிற்றல் வேண்டுமென 2012-இல் அமெரிக்க இருதயச் சங்கத்தார் வற்புறுத்தினர். நம் நாட்டிலும் பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக்குறையும் வளர்ச்சித் தடையும் ஆராயும் அரசினர் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது.

இனி, சித்தாந்தத்தின் துணிபு யாதெனின்: தநு கரணங்கள், ஆணவ இருளிற் கிடக்கும் ஆன்மாவிற்கு இறைவன் வினைக்கீடாக அருளாற் கூட்டிய விளக்குப் போல்வன. விளக்கு மங்கினாற் கண் குருடென்னலாமோ? பேச்சுப் பிந்துதல் கரணத்தின் குறையேயன்றி, அறிவுடைப் பொருளாகிய ஆன்மாவின் குறையன்று.

அற்றேல், வினையான் வந்த குறையை மாற்ற முயல்வது இறைவன் ஆணைக்கு மாறாகாதோ வெனின், ஆகாது. நோய் பிராரத்தமாயின், மருந்தும், தாயின் பொறுமையும், ஆசிரியன் உழைப்பும் அதன் பாற்பட்டனவே. அனைத்தையுங் கூட்டுவோன் ஒருவனே. மேலும், வினை இன்ன அளவிற்றென அறிவான் அவனே. அஃதறியாத நாம் "இவ்வளவே இப்பிள்ளைக்கு" என எல்லை வகுத்துக் கைவிடுவேமாயின், அது நமக்கு ஆகாமியமாய் ஏறும்.

இராயபுரத்திற்கு அணித்தாகிய திருவொற்றியூரிலே, கலிய நாயனார் எண்ணெய் முட்டியபொழுது விதியென்று மீண்டாரல்லர். தம் குருதியையே எண்ணெயாக்கி விளக்கேற்றத் துணிந்தார்.

இவற்றைத் தாய்க்கு எடுத்துரைத்து, அன்று கூறியதன் குறையையும் ஒப்புக்கொண்டேம். பேச்சுப்பயிற்சி மீண்டும் தொடங்கிற்று. வாரத்தில் இருநாள் யாமும் அப்பிள்ளைக்கு அரிச்சுவடி பயிற்றி வருகின்றேம். அகரம் ஒன்றனை எழுதி முடிக்க நெடும்பொழுதாகின்றது, உடனிருக்கின்றேம்.