சோம்பலா, கணக்கா?

"இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள், சேரத்தான் ஆளில்லை." நமது கரையோரப் பங்குகளில் அடிக்கடி கேட்கும் குறை இது. உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "சோம்பேறிகள்!" இத்தீர்ப்பு நீதியானதா?

சிலாபம், முந்தல் களப்போரங்களில் 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. 1996ல் வெண்புள்ளி நோய் பரவவே, பல பண்ணைகள் வெறுங்குளங்களாயின. கூலிக்கு நின்றோர் பிழைப்பிழந்தனர். தொழிற் பயிற்சி அதிகார சபையோ 1995லேயே சட்டமூலம் அமைக்கப்பட்டிருந்தது. வேலையிழந்தவன் ஒருபுறம், பயிற்சி மறுபுறம். இரண்டும் எளிதில் சேராததேன்?

கரைவலை இழுப்பவனைப் பாருங்கள். மீன் பட்டால் அன்றே பங்கு கைக்கு வரும், அன்றிரவே அடுப்பெரியும். ஆறு மாத வகுப்போ முடிவில்தான் சான்றிதழ் தரும். அதுவரை பிள்ளைகளுக்குச் சோறு எங்கே? அதன்பின் வேலை எங்கே? இவற்றுக்கு விடை கிடைக்காமல் அவன் விலகி நிற்பது குடும்பக் கணக்கு. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் உதவுமென்றால், நகையை அடகு வைத்தும் படிக்கப் போகிறார்களே!

வெட்கமும் ஒரு காரணம். முப்பது ஆண்டுகள் காற்றையும் நீரோட்டத்தையும் கற்றவனை, ஒன்றுமறியாதவனாக வாங்கில் உட்காரவைத்தால் மனம் கூசாதா? அனுபவத்தால் பெற்ற திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க, தேசிய தொழிற் தகைமை முறையில் இன்று இடமுண்டு. இதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

கணக்கென்ற பெயரில் சோம்பலும் ஒளிந்துகொள்ளும் என்பது உண்மையே. தவறணைக்குக் கிடைக்கும் நேரம் வகுப்புக்குக் கிடைக்காதென்றால், அதற்குச் சாக்கில்லை. அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதுகையில் உழைக்க மனமில்லாதவனைக் கண்டித்தார். ஆனால் மனமில்லாதவன் யார், வழியில்லாதவன் யார் என்பது வழியைத் திறந்து பார்த்தபின்தான் தெரியும்.

திராட்சைத் தோட்ட உவமையில், சந்தைவெளியில் சும்மா நின்றவர்களை எசமான் ஏனென்று கேட்டார். தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றார்கள். அவர் அதைச் சாக்கென்று தள்ளாமல், அந்தி வேளையிலும் தோட்டத்துக்கு அனுப்பினார். கேள்வி கேட்டவரே வேலையும் கொடுத்தார். நாமோ கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வகுப்புகளை நடத்தும்படி நாம் கேட்கலாம். படிக்கும் தந்தையின் வீட்டுக்கு வின்சென்ட் டி போல் சபை அரிசி கொடுக்கலாம். தொழில் நடத்தும் கத்தோலிக்கர், பயின்று வருபவனுக்கு வேலை தர முன்கூட்டியே வாக்களிக்கலாம்.

மனிதன் வேலைக்காக அல்ல, வேலையே மனிதனுக்காக என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ல் தமது சுற்றுமடலில் போதித்தார். பயிற்சியும் அவ்வாறே மனிதனுக்காக அமையட்டும். அதன்பிறகு சோம்பேறி யாரென்று பேசுவோம்.